சிவசுப்பிரமணியன் கையில் இருந்த புத்தகங்கள்

நேசக்குமாருக்குப் பெண்டாட்டி மேல் பொறாமை வந்தது ஒரே ஒரு கேள்வியால். கேட்டவர் ராஜதுரை. மாவட்ட அலுவலகத்தில் நூல் கொள்முதலைக் கவனிக்கிறவர், நல்ல மனுஷர். கெட்ட எண்ணம் எதுவும் இல்லாமல், நேசக்குமாருடைய நூலகத்தில், நேசக்குமாருடைய நாற்காலியில் உட்கார்ந்து, நேசக்குமார் வாங்கிக் கொடுத்த டீயை ஆற்றிக்கொண்டே கேட்டார்.

“ஓஹோ, ஈவாஞ்சலின் மேடம் வீட்டுக்காரர் நீங்கதானா?”

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஈவாஞ்சலினும் சிரித்தாள். நேசக்குமாரும் பல்லைக் காட்டினார். ஆனால் அன்றைக்கு உள்ளே பற்றியது அப்புறம் அணையவே இல்லை.

அவர் தூத்துக்குடி டவுனுக்குள் ஒரு கிளை நூலகத்தின் நூலகர். இருபது வருஷத்துக்கு மேலான சர்வீஸ். அவள் உப்பளங்களைத் தாண்டிக் கடலோரம் கிடக்கிற ஊசிமணல் கிராமத்தில் ஊர்ப்புற நூலகர். ஒற்றை அறை, ஓடு வேய்ந்த கட்டடம். பதவியிலும் சம்பளத்திலும் அவருக்குக் கீழே. அவளை நூலகப் படிப்பு படிக்க வைத்ததே அவர்தான். டிகிரி முடித்துச் சும்மா வீட்டில் இருந்தவளுக்கு விண்ணப்பம் வாங்கி, பரீட்சைக்கு பஸ் ஏற்றி விட்டு, வேலை கிடைத்ததும் சர்ச்சில் ஸ்தோத்திரக் காணிக்கை போட்டவரும் அவர்தான். அப்படிப்பட்டவரைப் பார்த்து நீங்கள் அவள் வீட்டுக்காரரா என்று கேட்டால் எப்படி இருக்கும்?

ராஜதுரை வந்த காரியம் வேறு. அந்த வருஷம் ஒரு புது ஏற்பாடு. மூன்று அரசு நூலகங்கள் சேர்ந்து புத்தகம் வாங்க வேண்டும். தனித்தனியாக வாங்கினால் மூன்று பேரும் ஒரே புத்தகத்தை வாங்கி வைத்துக்கொண்டு விழிப்பார்கள். சேர்ந்து வாங்கினால் ஒன்றுக்கு ஒரு பிரதி போதும், மிச்சத்துக்கு வேறு புத்தகம் வாங்கலாம். யாரிடம் இருந்தாலும் மற்றவர்கள் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டியது. இதற்கென்று ஒரு தகரப் பெட்டி. வியாழக்கிழமை தோறும் அது மினிபஸ்ஸில் ஏறிப் போகும், புத்தகத்தோடு திரும்பி வரும். நேசக்குமார், ஈவாஞ்சலின், தூத்துக்குடிக்கு வெளியே இருக்கிற புதுக்கோட்டை ஊர் நூலகர் ஒருவர், இந்த மூவரும் ஒரு கூட்டு.

“ஒரே ஒரு விதிதான்,” என்றார் ராஜதுரை. “ஏற்கெனவே மூணு பேர்ல ஒருத்தர்கிட்ட இருக்குன்னா அந்தப் புஸ்தகத்தை மறுபடி வாங்கப்பிடாது. லிஸ்ட்டை யாராவது சரிபாக்கணும். நேசக்குமார் சார் சீனியர். அவரே பாத்துரட்டும்.”

சீனியர் என்ற சொல்லை அவர் இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொல்லியிருக்கலாம் என்று நேசக்குமாருக்குத் தோன்றியது.

மறுநாள் சாயங்காலம். மேற்கிலிருந்து கச்சான் காற்று அடித்துக்கொண்டிருந்தது. கொல்லையில் ஈவாஞ்சலின் அரிவாள்மணை போட்டுச் சாளை மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். செதில் காற்றில் பறந்து அவள் முழங்கையில் ஒட்டியது. மகள் ஜெமி கோயம்புத்தூர் ஹாஸ்டலுக்குப் போன பிறகு இரண்டு பேருக்கும் பேச்சுக்கு இருந்தது நூலகம் ஒன்றுதான். கேட்பது இவராகவும் சொல்வது அவளாகவும் இருந்தது.

“நம்ம ஊசிமணல்ல சங்கு குளிக்கப் போற கிளைட்டன் இருக்காம்லா,” என்றாள். “அவனுக்கு மன்னார் வளைகுடாவுல கெடக்க சங்கு, சிப்பி எல்லாம் கலர் படத்தோட போட்ட பெரிய புஸ்தகம் வேணுமாம். அதையும் எழுதியிருக்கேன். பொறவு உப்பளத்துப் பொம்பளைக கேட்ட வைத்தியப் புஸ்தகம். பொறவு நாலு நாவலு.”

“உப்பளத்துப் பொம்பளைக்கு நாவலா?”

“ஏன், அவிய படிக்கப்பிடாதா? விடியுமுன்ன எறங்கி உப்பு வாரிட்டு, வெயில் ஏறுமுன்ன கரையேறுதாவ. வீட்டுக்குப் போற வழியில நம்ம எடத்துலதான் உக்காருதாவ. காலு பூராவும் உப்பு வெடிப்பு. வெளியே கழுவிட்டு வாங்கன்னு நான் சொல்லுததில்ல.”

“தரை என்னத்துக்கு ஆகும்?”

“தரையக் கழுவிக்கிடலாம்,” என்று சொல்லிவிட்டு மீன் தலையைப் பூனைக்குப் போட்டாள்.

நேசக்குமாருடைய நூலகத் தரை பளபளவென்று இருக்கும். காலையில் ரிட்டயரான நாலைந்து பேர் வந்து பேப்பரைப் பங்கு போட்டுப் படிப்பார்கள். பிறகு மின்விசிறிக்கு அடியில் தூங்குவார்கள். புத்தக அடுக்குப் பக்கம் போகிறவர்கள் குறைவு. அதை அவர் ஒழுங்கு என்று நினைத்திருந்தார். இப்போது அவள் பேசப் பேச, அந்த ஒழுங்கே தன்னைப் பார்த்து இளிப்பதாகப் பட்டது.

அவள் பட்டியலைச் சரிபார்க்க எடுத்துக்கொண்டு நூலகத்துக்குப் போனார். சங்குப் புத்தகத்துக்கு எதிரே பேனா நின்றது. அப்புறம் ‘இருப்பில் உள்ளது’ என்று எழுதியது. வைத்தியப் புத்தகத்துக்கும் அதையே எழுதினார். நாவல்களுக்கும் எழுதினார். எதுவும் அவரிடம் கிடையாது. கண்ணால் பார்த்ததுகூடக் கிடையாது. இத்தனை நாளில் வேலையில் ஒரு பொய் எழுதாதவர், பெண்டாட்டியின் புத்தகங்களை மட்டும் பார்த்துப் பார்த்து அடித்துப் போட்டார். மனசுக்கு இதமாக இருந்தது என்பதையும் மறைப்பதற்கில்லை.

ஆடி கழிந்து புத்தகங்கள் வந்து இறங்கின. ஈவாஞ்சலின் ஆசைப்பட்டது ஒன்றும் அதில் இல்லை. முகம் வாடும், நாலு வார்த்தை புலம்புவாள், நாம் ஆறுதல் சொல்லலாம் என்று காத்திருந்தார் நேசக்குமார். அவள் வாடவே இல்லை.

“அதான் ஒங்ககிட்ட இருக்காம்லா,” என்றாள் சாப்பாட்டு மேஜையில். “என்கிட்ட ஒரு வார்த்த சொல்லப்பிடாதா? இத்தன நாளும் வச்சிக்கிட்டுச் சும்மா இருந்திருக்கீய. வியாழக்கெழம பெட்டியில போட்டு அனுப்புங்க. கிளைட்டன் வாசல்லயே நிக்கான்.”

மற்றவர்களை ஏமாற்றத் திட்டம் போடுகிறவனுக்கு அடுத்த அடியும் தெரிந்திருக்க வேண்டும். நேசக்குமாருக்குத் தெரியவில்லை. இருக்கிறது என்று எழுதிவிட்டால் கேட்பார்கள் என்பது, தினமும் புத்தகம் எடுத்துக் கொடுக்கிற மனுஷருக்கே அந்த நிமிஷம் வரைக்கும் உறைக்கவில்லை.

“அது... வெளிய போயிருக்கு,” என்றார்.

“எது, சங்குப் புஸ்தகமா?”

“ஆமா. ஒருத்தர் எடுத்துட்டுப் போயிருக்காரு.”

“நாவலு?”

“அதுவும் அவர்கிட்டதான்.”

“வைத்தியப் புஸ்தகமும் அவியகிட்டயா?” ஈவாஞ்சலின் சாதத்தில் இருந்து கையை எடுத்துவிட்டாள். “யாருங்க அது?”

பெயர் வேண்டும். கிறிஸ்தவப் பெயர் சொன்னால் தொலைந்தது. நாசரேத்தா, சாத்தான்குளமா, எந்தச் சர்ச், எந்தச் சேகரம், யார் மகன் என்று கேட்டு, ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிவதற்குள் ஆளைக் கண்டுபிடித்துவிடுவாள். நேசக்குமார் தண்ணீர் குடித்தார்.

“சிவசுப்பிரமணியன்னு ஒருத்தரு. ஹார்பர்ல வேல. சரக்கு எண்ணுத உத்தியோகம். விளாத்திகுளம் பக்கத்துக்காரரு.”

“குடும்பம் உண்டா?”

இருக்கிறது என்றால் இன்னும் நாலு பேரைப் படைக்க வேண்டும். “இல்ல. தனியாளு.”

அது அவர் செய்த அடுத்த பிழை. ஈவாஞ்சலின் முகத்தில் ஒரு கனிவு வந்தது. “பாவம்,” என்றாள். “பொங்கிப் போட ஆளில்லாம, தனியா உக்காந்து படிக்காவ போல.”

அதிலிருந்து அந்த வீட்டில் மூன்று பேர் இருந்தார்கள். காலையில் காப்பி குடிக்கும்போது அவர் வந்தாரா என்று கேட்பாள். சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே அவர் புத்தகத்தைத் திருப்பிவிட்டாரா என்று கேட்பாள். தன் பட்டியலில் இல்லாத வேறு புத்தகம் ஏதாவது எடுத்தாரா, எப்படிப்பட்ட மனிதர், கண்ணாடி போட்டிருப்பாரா? நேசக்குமார் ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்ல வேண்டியிருந்தது. கண்ணாடி உண்டு என்றார். அதிகம் பேசமாட்டார் என்றார். பேசாத ஆள் என்றால் பேச்சைக் கற்பனை செய்யவேண்டிய சிரமம் குறையும் என்பது அவர் கணக்கு. ஈவாஞ்சலினுக்கு அதுவே பிடித்துவிட்டது.

“அந்த மொத நாவலப் பத்தி என்ன சொன்னாவ?” என்று ஒருநாள் கேட்டாள்.

நேசக்குமார் ஒரு நாவலை முழுசாகப் படித்து வெகுகாலம் ஆயிற்று. புத்தகத்தைத் தூசி தட்டுவார், அட்டை போடுவார், எண் எழுதி ஒட்டுவார். “அழுக வந்துட்டுன்னாரு,” என்று வாய்க்கு வந்ததைச் சொன்னார்.

 அந்த நாவலைப் பற்றி எங்கோ வாசித்துவிட்டு ஆசைப்பட்டுப் பட்டியலில் எழுதினவள் ஈவாஞ்சலின். “நான் நெனச்சேன்,” என்றாள் மெல்ல. “நான் பாத்துப் பாத்து எழுதுனதெல்லாம் அவியளுக்கு ஏற்கெனவே புடிச்சிருக்கு பாருங்க. ஒரு ஆளாவது இருக்காவ.”

அந்த ‘ஒரு ஆள்’ நேசக்குமாருடைய நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவரைப் பற்றி அப்படி ஒரு குரலில் அவள் பேசியதில்லை. கரண்ட் பில் கட்டியாச்சா என்று கேட்கிற குரல்தான் அவருக்குக் கிடைத்தது.

அடுத்த வியாழக்கிழமை ஊசிமணலிலிருந்து வந்த தகரப் பெட்டியைத் திறந்தால், புத்தகங்களுக்கு மேலே மூடி போட்ட ஒரு சம்படம். உள்ளே முந்திரிக்கொத்து. மத்தியானம் போனில் சொன்னாள்: “அது ஒங்களுக்கு இல்ல கேட்டீயளா. அந்த விளாத்திகுளத்துக்காரர் வந்தா குடுங்க. தனியாளுல்லா.”

நேசக்குமார் அடுக்குகளுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு அதைத் தின்றார். ஏலக்காய் தூக்கலாக, கருப்பட்டிப் பாகு பதமாக இருந்தது. வீட்டில் கிறிஸ்துமஸுக்குச் செய்கிறதில் பாதி உதிர்ந்துபோகும், பாதி பல்லை உடைக்கும். எனக்குச் செய்யும்போது மட்டும் ஏன் கை வரமாட்டேன் என்கிறது என்று ஒவ்வொன்றாகக் கடித்துக்கொண்டே பொருமினார். கடைசி முந்திரிக்கொத்தைத் தின்னும்போது, ஹார்பரில் சரக்கு எண்ணுகிற அந்தக் கண்ணாடிக்காரன் மேல் அவருக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சம் இல்லை. இப்படி ஒரு ஆள் இல்லவே இல்லை என்பது தெரிந்தும் ஆத்திரம் குறையவில்லை.

சம்படத்தைக் கழுவித் திருப்பி அனுப்பினார். “நல்லா இருந்துச்சாமா?” என்று கேட்டாள் அவள். “ம்,” என்றார் இவர். “ம்தானா?” என்றாள்.

புரட்டாசியில் ஒரு வியாழக்கிழமை மினிபஸ் பழுதாகி நின்றுவிட்டது. நேசக்குமாரே பெட்டியை ஸ்கூட்டரில் முன்னால் வைத்துக்கொண்டு ஊசிமணலுக்குப் போனார். வழியெல்லாம் உப்பளம். பாத்திகளில் வெள்ளை கட்டி நின்றது. நூலக வாசலில் ரப்பர் செருப்புகள் குவிந்து கிடந்தன. உள்ளே பெண்கள் சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்திருக்க, முருகேஸ்வரி என்கிற ஒருத்தி பத்திரிகைத் தொடர்கதையைச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தாள். மற்றவர்கள் கதாநாயகியின் மாமியாரை ஏசிக்கொண்டிருந்தார்கள். நூலகத்தில் அமைதி காக்கவும் என்ற பலகை அவர்கள் தலைக்கு மேலே தொங்கிக்கொண்டிருந்தது. நேசக்குமார் அந்தப் பலகையைப் பார்த்தார். வேறு யாரும் பார்க்கவில்லை.

வாசலில் மறித்தவன் கிளைட்டன். கறுத்து ஒல்லியாக, கண் எப்போதும் சிவந்திருக்கிற ஆள்.

“சார், நீங்க லைப்ரரி டீச்சர் வீட்டுக்காரர்லா? அந்தப் புஸ்தகம் வந்துட்டா?”

“இல்லப்பா. இன்னும் திருப்பல.”

“அந்த ஆள்ட்ட சொல்லுங்க சார். ஒரே ஒரு நாளைக்குக் குடுத்தாப் போதும். தண்ணிக்குள்ள எங்களுக்கு நிக்க நேரம் ஏது? மூச்சு முட்டுறதுக்குள்ள தடவி எடுத்துட்டு மேல வந்துருவோம். கலங்கல் வேற. எடுத்ததத்தான் பாப்போம். விட்டுட்டு வந்ததப் பாத்ததே இல்ல. அது எப்படி இருக்கும்னு பாக்கணும் சார், அம்புட்டுதான்.”

“சொல்லுதேன்,” என்றார் நேசக்குமார். அவன் கும்பிட்டான். இவரால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. பெட்டியை இறக்கி வைத்துவிட்டுத் தண்ணீர்கூடக் குடிக்காமல் ஸ்கூட்டரைத் திருப்பினார்.

அன்றைக்கே உண்மையைச் சொல்லியிருந்தால் இந்தக் கதை இங்கே முடிந்திருக்கும். அவரும் சொல்லத்தான் நினைத்தார். வீட்டில் ஈவாஞ்சலின் வேறொரு சேதி வைத்திருந்தாள்.

“எங்க வாசகர் வட்டத்துல ஒரு கூட்டம் வைக்கோம். சிவசுப்பிரமணியன் சாரக் கூட்டிட்டு வாங்க. அந்த நாவல்களப் பத்தி நாலு வார்த்த பேசட்டும். அவிய கூச்சப்படுத ஆளுன்னா நானே ஹார்பருக்கு வந்து அழைக்கேன்.”

“அவரு வரமாட்டாரு.”

“நீங்க கேக்காமலே சொல்லுதீய. ஒங்களுக்கு என்ன, அந்த மனுஷனக் கண்டா ஆகாதா? எப்பப் பேச்செடுத்தாலும் மூஞ்சி சுண்டுது.”

“எனக்கென்ன?”

“பின்ன ஏன்? நீல கலர்ல ஒரு சேல எடுத்து வச்சிருக்கேம்லா, அன்னைக்குத்தான் மொதல்ல கட்டப்போறேன்.”

அந்த நீலச் சேலை போன கல்யாண நாளுக்கு நேசக்குமார் வாங்கிக் கொடுத்தது. ஒரு தடவைகூட அதை அவள் கட்டிக் காட்டவில்லை. பீரோவில் மடிப்புக் கலையாமல் இருந்தது. அவர் வாங்கின சேலை, எவனுக்கோ கட்டப் போகிறாள். இனிமேல் பொறுக்க முடியாது என்று ஆயிற்று. ஒருநாள் முழுக்க யோசித்தார். மறுநாள் மத்தியானம் வீட்டுக்கு வந்து, சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, முதுகைக் காட்டிக்கொண்டே சொன்னார்.

“அந்தச் சிவசுப்பிரமணியன் செத்துப்போனாருளா. நெஞ்சுவலி.”

 திரும்பினால் ஈவாஞ்சலின் அப்படியே தரையில் உட்கார்ந்திருந்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. “யாருமில்லாத மனுஷன்,” என்றாள். “பக்கத்துல ஒரு வாய்த் தண்ணி குடுக்க ஆள் இருந்துச்சோ என்னவோ. என்னைக்காவது நேர்ல பாத்து, சார், நான் எழுதுன லிஸ்ட்ட நீங்க முன்னாலயே படிச்சிட்டீயன்னு சொல்லணும்னு இருந்தேன்.” முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். சாப்பிடும்போது ஜெபத்தில் அந்த ஆத்துமாவையும் சேர்த்துக்கொண்டாள்.

நேசக்குமாருக்கு நிம்மதி வரவேண்டும். ஆளை ஒழித்தாயிற்று. ஆனால் அவள் அழுகையைப் பார்க்கப் பார்க்க வயிறு எரிந்தது. போன வருஷம் அவரை டெங்கு காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் போட்டிருந்தபோது, டிரிப்ஸ் சரியாக இறங்குகிறதா என்று பார்த்தாளே தவிர ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை.

சாப்பிட்டுக் கை கழுவினதும் அவள் எழுந்தாள். பழைய சாயம்போன சேலை ஒன்றை எடுத்துக் கட்டினாள். தலையில் இருந்த பூவை எடுத்து வைத்தாள். பெரிய பை ஒன்றை மடித்துக் கையில் வைத்துக்கொண்டாள்.

“எங்க கெளம்புத?”

“செத்த வீட்டுல துட்டி கேக்க வேண்டாமா? பொறவு, புஸ்தகம் எல்லாம் அவிய வீட்லல்லா கெடக்கு. சர்க்கார் சொத்து. யாராவது பழைய பேப்பர்காரனுக்குப் போடுமுன்ன வாங்கிருவோம்.”

அங்கேதான் நேசக்குமார் மாட்டிக்கொண்டார். ஒரு நூலகர் செத்துப்போனால் மற்ற நூலகர் அழுவார். வாசகர் செத்துப்போனால் அழுதுவிட்டுப் புத்தகத்தைத் தேடுவார். இதை அவர் மறந்தது எப்படி என்றுதான் தெரியவில்லை. புத்தகம் வைத்திருந்த வாசகர் இறந்தால் நேரில் போய் நாசூக்காகக் கேட்டு வாங்கவேண்டும் என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்தவரே அவர்தான்.

“ஒடம்ப ஊருக்குக் கொண்டு போய்ட்டாங்களாம். விளாத்திகுளத்துக்கு.”

“ஒடம்புதான போச்சு. புஸ்தகம் வாடக வீட்லதான இருக்கும். வண்டிய எடுங்க.”

எடுத்தார். வேறு வழி தெரியவில்லை. ஸ்கூட்டர் கடற்கரைச் சாலையில் போயிற்று. பின்னால் ஈவாஞ்சலின் மடியில் காலிப் பையோடு உட்கார்ந்திருந்தாள். பனிமய மாதா கோயிலைத் தாண்டினார். ரோச் பூங்காவைத் தாண்டினார். உப்பு மூட்டை அடுக்கிய கிட்டங்கிகள் வரிசையாக வந்தன. லாரிகள் நின்றன. ஒரு சந்துக்குள் நுழைந்து இன்னொரு சந்து வழியாக வெளியே வந்தார். ஒரு டீக்கடையில் கேட்பது மாதிரி வண்டியை நிறுத்தினார், கேட்காமலே எடுத்தார். மறுபடியும் பூங்கா வந்தது. மறுபடியும் மாதா கோயில் வந்தது.

“இங்கன இப்பத்தான வந்தோம்,” என்றாள் பின்னாலிருந்து. “வீடு தெரியாதா ஒங்களுக்கு?”

நேசக்குமார் படகு கட்டுகிற இடம் ஒன்றின் ஓரமாக வண்டியை நிறுத்தினார். உள்ளே ஆசாரிகள் பலகை இழைத்துக்கொண்டிருந்தார்கள். கடலைப் பார்த்து நின்றுகொண்டு சொன்னார்.

“வீடு இல்லளா.”

“இல்லன்னா?”

“அப்பிடி ஒரு ஆளே இல்ல.”

அவளுக்கு முதலில் புரியவில்லை. “என்ன சொல்லுதீய? அப்போ செத்தது யாரு?”

“யாரும் சாகல. அந்தப் புஸ்தகம் ஒண்ணும் என்கிட்ட கெடையாது. லிஸ்ட்டுல இருக்குன்னு பொய் எழுதிட்டேன். நீ கேட்ட. யாரோ எடுத்துட்டுப் போனதாச் சொன்னேன். நீ பேரு கேட்ட.”

ஈவாஞ்சலின் பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். 

“முந்திரிக்கொத்து?”

“நான்தான் தின்னேன்.”

“அழுக வந்துட்டுன்னு சொன்னது?”

“நானாச் சொன்னது.”

“ஏங்க?” என்றாள். கோபமாகக் கேட்டிருந்தால் அவர் தாங்கியிருப்பார். “புஸ்தகம் வரலன்னாக்கூட நான் பொறுத்திருப்பேன். கிளைட்டன் தெனமும் வந்து நின்னான். அவன்கிட்ட, ஒன்ன மாதிரியே ஆசப்பட்ட ஒரு மனுஷன் டவுன்ல இருக்காவ, அவிய படிச்சு முடிக்கட்டும்னு சொல்லிச் சொல்லி அனுப்புனேன். எதுக்கு இப்பிடிச் செஞ்சீய?”

“எல்லாரும் ஒன்னையே கேக்காங்க,” என்றார் நேசக்குமார்.  “ஈவாஞ்சலின் மேடம் வீட்டுக்காரராங்காங்க. ஒன் எடத்துக்கு வாராங்க, ஒன்னத் தேடுதாங்க. என் எடத்துல வந்து தூங்குதாங்க. சரி, அதுகூடப் போவட்டும். இல்லாத ஒருத்தனுக்கு முந்திரிக்கொத்து சுட்டு அனுப்புத. நான் வாங்கிக் குடுத்த சேலைய அவனுக்காகக் கட்டப் போற. அவன் செத்துட்டான்னு தரையில உக்காந்து அழுத. நான் டெங்குல கெடந்தப்போ நீ அழலயேளா.”

ஈவாஞ்சலின் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். சிரிப்பா அழுகையா என்று தெரியாமல் அவள் உதடு கோணியது. பிறகு அது நேராயிற்று.

“நான் லிஸ்ட்டுல எழுதுன புஸ்தகத்துக்கு ஒரு ஆள் இருக்காவன்னு நெனச்சிருந்தேன்,” என்றாள். “அது ஒங்களுக்குப் பொறுக்கல. அந்த ஆளையும் கொன்னுட்டீய.”

டவுன் பஸ் ஒன்று வந்தது. கையை நீட்டினாள், நின்றது. ஏறிக்கொண்டாள். வாரேன் என்று சொல்லவில்லை. துட்டி வீட்டிலிருந்து கிளம்புகிறவர்கள் அப்படிச் சொல்வதில்லை. மடித்த பையோடு ஜன்னலோரம் உட்கார்ந்து நேரே முன்னால் பார்த்துக்கொண்டு போனாள்.

அவள் பத்து நாளைக்குப் பேசவில்லை. குழம்பு வைத்தாள், சாதம் வைத்தாள், பேசவில்லை. அதற்குப் பிறகும் தேவைக்கு மட்டும்தான் பேச்சு. நேசக்குமார் முதலூர் மஸ்கோத்து அல்வா வாங்கி வந்து மேஜையில் வைத்தார். எறும்புதான் வந்தது. கடைசியில் மாவட்ட அலுவலகத்துக்குப் போய் ராஜதுரையிடம், சரிபார்த்ததில் பிழை ஆகிவிட்டது, அந்தப் புத்தகங்கள் எங்களிடம் இல்லை, அடுத்த கொள்முதலில் சேர்க்கவேண்டும் என்றார்.

“போவட்டும் சார், ஒங்களுக்கும் வயசாகுதுல்லா,” என்றார் ராஜதுரை ஆதரவாக. “இனிமே சரிபாக்குத வேலைய மேடத்துக்கிட்டயே குடுத்துருவோம். அவங்க கரெக்டா இருப்பாங்க.”

நேசக்குமார் தலையை ஆட்டிவிட்டு வந்தார். பிழையை ஒப்புக்கொண்டதற்கு அவருக்குக் கிடைத்த கூலி அது.

தை பிறந்து புத்தகங்கள் வந்தன. சங்குப் புத்தகம் தாம்பாளம் அளவுக்கு இருந்தது. அதைப் பெட்டியில் அனுப்பாமல் நேசக்குமாரே ஊசிமணலுக்குக் கொண்டு போனார். கிளைட்டன் கையைக் கைலியில் நாலு தடவை துடைத்துவிட்டுத்தான் தொட்டான். ஒரு பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு வெகுநேரம் அடுத்ததைப் புரட்டவே இல்லை. மதியச் சோத்துக்குப் பெண்டாட்டி வந்து கூப்பிட்டும் அசையவில்லை. பெண்கள் அவன் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்கள். ஈவாஞ்சலின் புருஷனைப் பார்த்து அன்றைக்குத்தான், “தண்ணி குடிக்கீயளா?” என்று கேட்டாள். நேசக்குமார் இரண்டு தம்ளர் குடித்தார்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து, மாற்றுச் சேலை கட்டிக்கொண்டு, அவள் தான் படித்து முடித்திருந்த அந்த முதல் நாவலைக் கொண்டுவந்து அவர் மடியில் வைத்தாள்.

“இது யாருக்கு?”

“சிவசுப்பிரமணியன் சார் இருந்தா மொத ஆளா எடுத்துட்டுப் போவாவ. இப்ப அவிய இல்ல. அவியளுக்குப் பதிலா நீங்க படிச்சிச் சொல்லுங்க. பொறவுதான் ஊசிமணலுக்கு அனுப்புவேன். முருகேஸ்வரி காத்திருக்கா.”

தப்ப வழியில்லை. நேசக்குமார் படித்தார். வீட்டில் படித்தது போக, நூலகத்தில் பேப்பர் படிக்க வருகிறவர்கள் தூங்குகிற நேரத்திலும் படித்தார். முதல் நாள் கண் ஓடியது, மனசு ஓடவில்லை. பிறகு ஓர் இடத்தில் கதை அவரைப் பிடித்து நிறுத்தியது. கடைசிப் பக்கம் வந்தபோது மனசுக்குக் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருந்தது. சாயங்காலம் அவள் பனங்கிழங்கு அவித்துத் தட்டில் வைத்து நார் உரித்துக்கொண்டிருந்தாள். எதிரில் போய் உட்கார்ந்து சொன்னார்: “நல்ல கதளா. அந்தத் தகப்பன் கடைசியில திரும்பி வாரது நல்லாருக்கு. கொஞ்சம் நீளம். நடுவுல ஒரு நூறு பக்கத்தக் கொறச்சிருக்கலாம்.”

ஈவாஞ்சலின் கிழங்கை ஒடித்தாள். நார் இருக்கிறதா என்று பார்த்தாள். பாதியை அவர் கையில் கொடுத்தாள்.

“அந்த நடுவுல நூறு பக்கத்துலதான அந்தப் பொம்பளையோட பாடு பூராவும் கெடக்கு?” என்றாள். “அவிய இருந்தா இப்பிடிச் சொல்லியிருக்க மாட்டாவ.”

நேசக்குமார் கிழங்கைத் தட்டில் திரும்ப வைத்தார். கண்ணாடி போட்ட, அதிகம் பேசாத, அழத் தெரிந்த அந்த விளாத்திகுளத்துக்காரன் எதிரே வந்து உட்கார்ந்திருக்கிறான் போலிருந்தது. ஒருதடவை கொன்றாயிற்று, அவனை இன்னொரு தடவை எப்படிக் கொல்வது? நேசக்குமார் கையைத் துடைத்துக்கொண்டு, புத்தகத்தை எடுத்து, முதல் பக்கத்திலிருந்து மறுபடியும் படிக்கத் தொடங்கினார்.